கொலாஜில் யோசனை முதலா, தாள் முதலா?

வெள்ளைத்தாள் | ஜனவரி 6

கலப்பு ஊடகக் கொலாஜ் (தாள், வண்ணம், பொருள் எல்லாம் சேர்த்து ஒட்டிச் செய்யும் படம்) செய்பவர்களிடம் உந்துதல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் நினைவு, ஏக்கம், நகரம் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். எனக்கென்னவோ அதெல்லாம் படம் முடிந்த பிறகு கட்டிவிடும் கதையாகத்தான் தெரிகிறது. கையில் அகப்பட்ட தாள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வெட்டி ஒட்டுவதில் தனியாகச் செயல்முறை என்று என்ன இருக்கிறது? மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

கத்தரி | ஜனவரி 6

பாதி சரி. தாள்தான் தீர்மானிக்கிறது. ஆனால் எந்தத் தாள் எதற்குப் பக்கத்தில் வந்து விழும் என்பதற்கான ஏற்பாட்டை நாம்தான் செய்கிறோம்.

1912இல் பிக்காசோ பிரம்புப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த்துணியைப் படத்தில் ஒட்டி, சுற்றிலும் கயிற்றையே சட்டமாகக் கட்டினார். அதே ஆண்டு அவருடைய ஓவிய நண்பர் பிராக், மரவரி அச்சிட்ட சுவர்த்தாளை வாங்கி வந்து கரித்துண்டு வரைபடத்தில் ஒட்டினார். உங்கள் கட்சிக்கு நல்ல சாட்சிதான். ஆனால் பிராக் வீட்டுச் சுவர் அலங்கார வேலை பழகியவர். மரவரியைத் தூரிகையால் போலி செய்யும் வித்தை அவர் கைக்கு ஏற்கனவே தெரியும். அந்தச் சுவர்த்தாள் அவர் கண்ணில் பட்டதற்கு அதுதான் காரணம். மற்றவர்களுக்கு அது வெறும் சுவர்த்தாள்.

கத்தரி | ஜனவரி 7

நேற்று விட்டது. ஏற்பாடு என்றேனே, அதில் முதல் வேலை தரம் பிரிப்பது. புதிதாகத் தொடங்குபவர்கள் பூ, முகம், கட்டடம், எழுத்து என்று பொருள்வாரியாக உறைகளில் போட்டு வைப்பார்கள். அப்படி வைத்தால் பூவைத் தேடும்போது பூ மட்டும்தான் கிடைக்கும். வெளிர், நடு, அடர் என்று மூன்றே பெட்டிகள் வையுங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் சூடான நிறம் ஒரு பக்கம், குளிர்ந்த நிறம் ஒரு பக்கம். அடர் பெட்டியில் கை விட்டால் ஒரு குதிரையின் கழுத்தும் தார்ச்சாலையின் ஓரமும் சேர்ந்து வரும். யோசனை பிறக்கிற இடம் அதுதான். துண்டின் பொருள் மறந்து வடிவம் மட்டும் தெரிய ஆரம்பிக்கும்.

பசைச்சட்டி | ஜனவரி 7

கத்தரியின் மூன்று பெட்டி எல்லோருக்கும் சரிவராது. அமெரிக்கக் கலைஞர் ஜோசப் கார்னெல் தன் வீட்டு நிலவறையில் பெட்டி பெட்டியாகப் பொருள்வாரியாகத்தான் பெயர் எழுதி வைத்திருந்தார். ஆந்தைக்கு ஒன்று, கடிகார உறுப்புகளுக்கு ஒன்று. அவர் செய்தவை கண்ணாடி போட்ட பெட்டிகள். ஒவ்வொரு பொருளும் அதுவாகவே தெரிய வேண்டும். தட்டையான தாள் வேலைக்கு நிற அடர்த்தி, முப்பரிமாண வேலைக்குப் பொருள் என்று பிரிப்பது உத்தமம்.

கத்தரி | ஜனவரி 7

ஒப்புக்கொள்கிறேன். கூடவே நான்காவதாக ஒரு பெட்டி: எதிலும் சேராதவை. அது நிரம்பி வழிந்தால் தரம் பிரிப்பவர் சோம்பேறி என்று பொருள்.

வெள்ளைத்தாள் | ஜனவரி 9

சரி, பிரித்தாயிற்று. பிறகு ஒட்டுவதுதானே?

கத்தரி | ஜனவரி 9

இல்லவே இல்லை. கொலாஜ் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். நகர்த்த முடிகிற வரை எல்லாம் யோசனை. பசை பட்டதும் முடிவு. ஆகவே பசையை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போடுங்கள்.

பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் கடைசிக் காலத்தில் செய்த வெட்டுத்தாள் வேலைகளைப் பாருங்கள். உதவியாளர்கள் தாளில் குவாஷ் (அடி தெரியாமல் மூடும் நீர்வண்ணம்) பூசித் தருவார்கள், அவர் கத்தரியால் வெட்டுவார், துண்டுகளை ஸ்டூடியோச் சுவரில் குண்டூசியால் குத்தி வைப்பார்கள். அவர் சொல்லச் சொல்லத் துண்டுகள் இடம் மாறும். அந்த ஊசித் துளைகள் இன்றும் தாள்களில் இருக்கின்றன. ஒட்டுகிற வேலை கடைசியில்தான்.

ஊசி குத்த மனம் வராவிட்டால்:

துண்டுகளைப் பலகையில் உலர்வாகப் பரப்பி, சின்ன எடைகளால் (நாணயம், நட்டு) அழுத்தி வையுங்கள். மாஸ்கிங் டேப் வேண்டாம், வழவழப்பான இதழ்த்தாளின் மையை உரித்துக்கொண்டு வந்துவிடும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு படம் எடுங்கள். எடுத்த படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். நிறம் போன பிறகும் கண் எங்கே போக வேண்டுமோ அங்கே போனால் அமைப்பு நிற்கிறது. எல்லாம் ஒரே சாம்பல் பரப்பாகத் தெரிந்தால் சிவப்பும் பச்சையும் எவ்வளவு கத்தினாலும் பயனில்லை. அமெரிக்க ஓவியர் ரோமேர் பியர்டன் 1964இல் தன் சிறிய கொலாஜ்களைக் கறுப்பு வெள்ளையில் ஒளிநகலாகப் பெரிதாக்கிக் காட்சிக்கு வைத்தார். நிறத்தின் தயவு இல்லாமலே அவை நின்றன. அந்தச் சோதனைக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியாது.

அப்புறம் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். பழைய யோசனைதான், ஆனாலும் வேலை செய்கிறது.

ஓரக்கிழிசல் | ஜனவரி 10

அடுக்கினது அழகாக இருக்கும். பசை போட ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தால் எதுவும் பழைய இடத்தில் உட்காராது. இதற்கு வழி சொல்லாமல் மத்தீஸைச் சொல்லி என்ன பயன்.

கத்தரி | ஜனவரி 10

டிரேசிங் தாள். பலகையின் மேல் விளிம்பில் மட்டும் ஒட்டி, கதவு மாதிரி திறந்து மூடும்படி தொங்கவிடுங்கள். மூடிய நிலையில் எல்லாத் துண்டுகளின் ஓரத்தையும் பென்சிலால் வரைந்து எண் போடுங்கள். அதே எண்ணைத் துண்டின் பின்பக்கமும் எழுதுங்கள். பென்சில் மட்டும், பேனா மை ஈரப்பசையில் ஊறி முன்பக்கம் எட்டிப்பார்க்கும். அடியில் இருப்பது 1, மேலே இருப்பது கடைசி எண். ஒட்டும்போது தாளை மூடி, துண்டை அடியில் நுழைத்து, கோட்டோடு பொருத்தி, திறந்து, அழுத்த வேண்டியதுதான்.

ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் அடித்துண்டு ஒரு சென்டிமீட்டராவது உள்ளே போகட்டும். ஓரத்தோடு ஓரம் சேர்த்து வைத்தால் தாள் காய்ந்து சுருங்கும்போது நடுவில் வெள்ளைக் கீற்று விழும்.

பசைச்சட்டி | ஜனவரி 12

இனி என் பேட்டை. நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாத் தாளுக்கும் ஒரே பசை என்பது கிடையாது.

பிவிஏ (சாதாரண வெள்ளைப் பசை வகை): தடித்த தாள், அட்டை, துணி ஆகியவற்றுக்கு. அமிலமற்றது, நடுநிலை பிஹெச் என்று குறித்திருப்பதையே வாங்குங்கள். சில நிமிடங்களில் பிடித்துக்கொள்ளும், பிறகு நகர்த்த முடியாது. மெல்லிய தாளுக்கு நீர் கலந்து பூசுவார்கள். நீர் கூடக் கூடச் சுருக்கமும் கூடும்.

அக்ரிலிக் மீடியம் (நிறமி கலக்காத அக்ரிலிக் வண்ணம்): வண்ணமும் தாளும் மாறி மாறி வரும் வேலைக்கு இதுதான் ராஜா. ஒட்டும், மேலே பூசினால் மூடும், காய்ந்தபின் வண்ணத்தையும் ஏற்கும். கழற்றிச் சரிசெய்யலாம் என்ற எண்ணத்தை மட்டும் மறந்துவிடுங்கள்.

கோதுமை ஸ்டார்ச் பசை: கைத்தாள், ஜப்பானிய மெல்லிய தாள், பழைய ஆவணத் துண்டு ஆகியவற்றுக்கு. ஒரு பங்கு ஸ்டார்ச், நான்கைந்து பங்கு நீர். மிதமான சூட்டில் கைவிடாமல் கிளறினால் பால்வெள்ளை போய்க் கண்ணாடி மாதிரி ஆகும். ஆறவிட்டுச் சல்லடையில் தேய்த்து எடுக்க வேண்டும். குளிரில் வைத்தாலும் சில நாள்தான் தாங்கும், புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். நீர் பட்டால் விடுபடும் என்பது இதன் பெரிய பலம். மாவும் ஸ்டார்ச்சும் ஒன்றல்ல. சுவரொட்டிக்குக் காய்ச்சும் மாவுப்பசையில் புரதம் இருக்கிறது. மஞ்சளாகும், பூச்சிக்கு விருந்தாகும்.

மெத்தில் செல்லுலோஸ் (நீரில் கரைத்துக்கொள்ளும் பொடிப்பசை): பிடிப்பு குறைவு. டிஷ்யூ தாளுக்குப் போதும். பிவிஏவில் கொஞ்சம் கலந்தால் அது காய்வது தாமதமாகும், துண்டை நகர்த்த அவகாசம் கிடைக்கும்.

பசைக்குச்சி: இடம் குறிக்க மட்டும். நாளடைவில் ஓரம் தூக்கும்.

ரப்பர் சிமென்ட், செலோடேப்: கிட்டேயே சேர்க்காதீர்கள். பழுப்புக் கறை தாளில் இறங்கும், பிடிப்பும் விட்டுப்போகும். போன பிறகு கறை மட்டும் தங்கும்.

வெள்ளைத்தாள் | ஜனவரி 12

இதழ்த்தாள் பசை போட்டவுடன் குமிழ் குமிழாக எழும்புகிறது. பசை சரியில்லையா?

பசைச்சட்டி | ஜனவரி 13

பசை நல்ல பசைதான். தாளை ஊற விடவில்லை. நீர் பட்டால் நார் விரியும், அதற்குச் சிறிது நேரம் ஆகும். பூசியவுடனே பலகையில் வைத்தால் மீதி விரிவு பலகை மேலேயே நடக்கிறது. போக இடமில்லாமல் மேலே எழும்புகிறது. தாளின் பின்பக்கம் மெல்லிசாகப் பூசுங்கள், பலகையிலும் மெல்லிசாக. ஒரு நிமிடம் போல விடுங்கள். தாள் விறைப்பு தளர்ந்து துவண்டதும் நடுவை முதலில் தொடவைத்து, மேலே ஒட்டாத தாள் ஒன்றைப் போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு ரப்பர் உருளையை ஓட்டுங்கள். உருளைக்கு அடியில் மெழுகுத்தாள் வேண்டாம், மெழுகு ஒட்டிக்கொண்டால் அடுத்த பூச்சு அதில் பிடிக்காது. சிலிகான் பூசிய தாள் நல்லது.

சின்னச் சுருக்கத்துக்குப் பதறிக் கையை வைக்காதீர்கள். காயும்போது தாள் சுருங்கி இழுத்துக்கொள்ளும். காய்ந்த பிறகும் குமிழ் இருந்தால் ஊசியால் குத்தி, ஊசிக்குழலால் ஒரு சொட்டுப் பசை விட்டு அழுத்துங்கள்.

கத்தரி | ஜனவரி 13

தாளின் நார் ஓடும் திசையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாருக்குக் குறுக்கேதான் தாள் அதிகம் விரியும். சின்னத் துண்டின் ஒரு பக்கத்தை நனைத்தால் குழல் மாதிரி சுருளும்; குழலின் நீளவாக்குதான் நார்த்திசை. பெரிய துண்டுகளை எல்லாம் ஒரே திசையில் வைத்தால் இழுப்பு ஒரே பக்கமாகச் சேரும், பலகை வில்லாக வளையும்.

பசைச்சட்டி | ஜனவரி 14

பலகை வளைவதற்கு மருந்து பின்பக்கத்தில் இருக்கிறது. முன்னால் ஒட்டிய அதே கனத்தில், அதே பசையில், அதே நார்த்திசையில் பின்னாலும் ஒரு தாள். முன்பக்கம் முழுக்கக் காய்ந்து வளைந்த பிறகு ஒட்டிப் பயனில்லை, கையோடு கையாக ஒட்ட வேண்டும். பிறகு இரண்டு தட்டைப் பலகைகளுக்கு நடுவே உறிஞ்சுதாளோடு எடை வைத்து ஒரு நாள் முழுக்க விடுங்கள். உறிஞ்சுதாள் ஈரமானதும் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

தளம் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) நீர்வண்ணத் தாளாக இருந்தால் இரண்டு மூன்று அடுக்கு தாங்கும். அதற்கு மேல் போவதாக இருந்தால் பிளைவுட் அல்லது எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை). 3 மில்லிமீட்டர் எம்டிஎஃப் பெரிய அளவில் வளையும், 6 எடுங்கள். இருபக்கமும் விளிம்பும் மூடிப் பூசிவிட்டே தொடங்குங்கள். மூடாத மரத்திலும் கான்வாஸிலும் அக்ரிலிக் ஜெல்லை (கெட்டியான மீடியம்) தடிமனாகப் போட்டால் அடியில் இருக்கும் பழுப்பு ஊறி மேலே வரும். வெள்ளையாகப் போட்டது தேநீர் நிறமாக மாறும்.

ஓரக்கிழிசல் | ஜனவரி 15

அடித்தளம் மாறிப்போவது பெரியவர்களையும் விடவில்லை. மத்தீஸின் 1952 நீச்சல் குளம் வேலை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீலத் துண்டுகள் வெள்ளைத்தாளில், வெள்ளைத்தாள் சணல்துணி மேல். காலப்போக்கில் சணல் கறுத்து, மூன்றுக்கும் நடுவே இருந்த நிறக் கணக்கே மாறிவிட்டது. பாதுகாப்பாளர்கள் பழைய சணலை நீக்கிப் புதிது போட வேண்டியிருந்தது.

பிக்காசோ, பிராக் போன்ற கியூபிசக்காரர்கள் ஒட்டிய செய்தித்தாளும் அப்படித்தான். இன்று நாம் பார்க்கும் பழுப்பு அவர்கள் தேர்ந்தெடுத்த நிறம் அல்ல. செய்தித்தாளில் லிக்னின் (மரநாரைப் பிணைக்கும் பொருள்) நீக்கப்படுவதில்லை, வெளிச்சமும் காற்றும் பட்டால் மஞ்சளாகும். அமிலம் நீக்கும் தெளிப்பான் அடித்தால் மேலும் கெடுவது மட்டுப்படும், போன வெள்ளை திரும்பாது. பழுப்பு வேண்டாம் என்றால் அமிலமற்ற தாளில் லேசர் நகல் எடுத்து அதை ஒட்டுங்கள். வேண்டும் என்றால் தாராளமாக அசலையே ஒட்டலாம். ஆனால் அது இன்னும் பழுப்பாகும் என்று தெரிந்தே பக்கத்து நிறத்தை வையுங்கள்.

வெள்ளைத்தாள் | ஜனவரி 15

நகல் என்றால் வீட்டு இங்க்ஜெட் போதாதா?

பசைச்சட்டி | ஜனவரி 15

சாயமை என்றால் பசையின் நீரிலேயே கரைந்து ஓடும். நிறமித்துகள் மை கொஞ்சம் தாங்கும். முன்கூட்டி ஃபிக்சேட்டிவ் (மையை நிலைநிறுத்தும் தெளிப்பான்) மெல்லிசாக இரண்டு முறை அடித்துச் சோதித்துப் பாருங்கள். லேசர் நகலில் இந்தத் தொல்லை இல்லை. அது வெப்பத்தில் உருகிப் படிந்த பிளாஸ்டிக் பொடி, நீரில் கரையாது.

கத்தரி | ஜனவரி 18

அந்தப் பிளாஸ்டிக் பொடியால்தான் பிம்பத்தைப் பெயர்த்து எடுக்கவும் முடிகிறது. கண்ணாடி பிம்பமாகத் திருப்பி லேசரில் அச்சிடுங்கள் (எழுத்து இருந்தால் இது கட்டாயம்). தளத்தில் ஜெல் மீடியத்தைச் சமமாகப் பூசி, அச்சு முகம் கீழே இருக்கும்படி வைத்து உருளை ஓட்டுங்கள். ஓரத்தில் பிதுங்கும் ஜெல்லைத் துடைத்துவிடுங்கள். தாளின் முதுகில் ஏறிக் காய்ந்தால் அந்த இடம் நனையாது. ஓர் இரவு காயட்டும். மறுநாள் நீர் தெளித்து, விரல் நுனியால் வட்டமாகத் தேய்த்தால் தாள் கூழாகி உருண்டு வரும், மை ஜெல்லோடு தங்கிவிடும்.

ஈரத்தில் பளிச்சென்று இருக்கும், காய்ந்தால் வெள்ளைப் புகை படிந்த மாதிரி ஆகும். மிச்ச நார்தான் காரணம். மறுபடி நனைத்துத் தேயுங்கள். இரண்டு மூன்று முறைக்கு மேல் போனால் மையும் கழன்றுவிடும். கடைசி மெல்லிய புகையை ஒரு பூச்சு மீடியம் விழுங்கிவிடும். அங்கங்கே பெயர்ந்து ஓட்டை விழும். அதற்குப் பயந்தால் இந்த வித்தையைத் தொடாதீர்கள், அந்த ஓட்டைதான் இதன் ருசி.

ஓரக்கிழிசல் | ஜனவரி 18

மீடியம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். மேட் (பளபளப்பில்லாத) மீடியத்தில் பளபளப்பைக் கொல்லும் துகள் கலந்திருக்கிறது. அடுக்கடுக்காகப் பூசினால் அந்தத் துகள் சேர்ந்து, கறுப்பு எல்லாம் சாம்பலாகும். நடு அடுக்குகள் முழுக்க கிளாஸ் (பளபளப்பான வகை). மேட் வேண்டும் என்றால் கடைசி ஒரு பூச்சு மட்டும்.

கத்தரி | ஜனவரி 18

ஆமாம், மேலே நான் எழுதியதில் மீடியம் வரும் இடத்தில் எல்லாம் கிளாஸ் என்று சேர்த்துப் படியுங்கள்.

வெள்ளைத்தாள் | ஜனவரி 21

வெட்டுவதா கிழிப்பதா?

ஓரக்கிழிசல் | ஜனவரி 21

என் பெயரைப் பார்த்துமா கேட்கிறீர்கள்.

அச்சிட்ட தாளைக் கிழித்தால் ஒரு துண்டில் வெள்ளை விளிம்பு தெரியும், மற்றதில் தெரியாது. இழுக்கும் திசையை மாற்றினால் வெள்ளை பக்கம் மாறும். வேண்டாத துண்டில் இரண்டு விதமாகவும் கிழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளை விளிம்பு இருந்தால் துண்டு தனித்து நிற்கும், இல்லாவிட்டால் பின்னணியில் கலந்துவிடும். நார்த்திசையில் கிழித்தால் நேராக ஓடும், குறுக்கே கிழித்தால் தாறுமாறாகப் போகும். தடித்த கைத்தாளில் தூரிகையால் நீர்க்கோடு இழுத்து, ஊறியதும் பிய்த்தால் பஞ்சு விளிம்பு வரும். அதன்மேல் வண்ணம் தேய்த்தால் ஓரம் மட்டும் அடர்த்தியாகக் குடிக்கும்.

கத்தரி | ஜனவரி 22

கிழிப்பவர் பேசியாயிற்று. வெட்டுவதில் இரண்டே விஷயம். கத்தரியைத் திருப்பாதீர்கள், தாளைத் திருப்புங்கள். கத்தியால் வெட்டினால் அலகை லேசாகச் சாய்த்து, அடிப்பக்கம் உள்வாங்கும்படி வெட்டுங்கள். தடித்த தாளின் வெள்ளை விளிம்பு அடியில் மறைந்துவிடும். அப்படியும் தெரிந்தால் சாம்பல் பென்சிலை விளிம்பில் ஓட்டுங்கள். கறுப்பு மார்க்கர் போட்டால் கோடு போட்ட மாதிரி ஆகும். அலகு நெரடினால் தாள் இழுபட்டுக் கிழியும். முனை மழுங்கியதும் மாற்றுவதில் கஞ்சத்தனம் கூடாது.

ஆங்கிலேயப் பெண்மணி மேரி டெலனி 1772இல், 72 வயதில்தான் தாள் மலர்களைத் தொடங்கினார். வண்ணத்தாளை மயிரிழை மாதிரி நறுக்கிக் கறுப்புப் பின்னணியில் ஒட்டிய அந்த மலர்கள் ஆயிரத்தை நெருங்கும், இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. உந்துதல் எங்கே என்று கேட்டீர்களே, அவர் மேஜைக்கு நிஜச் செடி வந்தது, அவ்வளவுதான். ஜெர்மன் கலைஞர் ஹன்னா ஹோஹுக்கு வேறு கதை. அவர் பெர்லினில் ஒரு பெரிய இதழ் நிறுவனத்தில் பின்னல், தையல் மாதிரிகள் வரையும் வேலை பார்த்தார். இதழ்ப்படங்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தன. அவற்றை வெட்டி அன்றைய அரசியல்வாதிகளின் தலைகளை இடம் மாற்றினார்.

வெள்ளைத்தாள் | ஜனவரி 22

ஆக நான் சொன்னதுதானே? கைக்கு எட்டிய தாள்!

கத்தரி | ஜனவரி 22

எட்டியது எல்லோருக்கும். தலையை மாற்றத் தோன்றியது அவருக்கு.

பசைச்சட்டி | ஜனவரி 26

தாளைத் தாண்டிப் பொருள் ஒட்டுபவர்களுக்கு. பித்தான், சாவி, கம்பி போன்றவை லேசாக இருந்தால் கனமான ஜெல் போதும், பாதி புதைகிற அளவு போட வேண்டும். அதற்கு மேல் எடை என்றால் பசையை நம்பாதீர்கள். பலகையில் இரண்டு துளை போட்டு, மெல்லிய கம்பியால் கட்டிப் பின்னால் முறுக்குங்கள். எப்பாக்சி போட்டால் இரு பரப்பையும் 120 எண் உப்புத்தாளால் சுரண்டிவிட்டுப் போடுங்கள். கான்வாஸில் எப்பாக்சி வேண்டாம். துணி அசையும், எப்பாக்சி அசையாது, ஒரு நாள் பொட்டென்று விழும். இரும்பு நீர் கலந்த மீடியத்தில் துருப்பிடித்துப் பக்கத்துத் தாளில் கறை இறக்கும். நீரில்லாத தெளிவான லாக்கரை முதலில் பூசிக் காயவிடுங்கள்.

தையல் போடுவதாக இருந்தால் பலகையில் ஒட்டுவதற்கு முன்பே. தையல் நீளம் 3.5 முதல் 4 மில்லிமீட்டர். நெருக்கமாகப் போட்டால் தபால்தலை ஓரம் மாதிரி துளை விழுந்து அந்தக் கோட்டிலேயே கிழிந்துவிடும். முடிவில் பின்னோட்டுத் தையல் போடாமல், நூல் நுனிகளைப் பின்பக்கம் இழுத்து முடிச்சிடுங்கள். அந்த ஊசியைப் பிறகு துணிக்குப் போடாதீர்கள், தாள் அதை மழுக்கியிருக்கும்.

ஓரக்கிழிசல் | ஜனவரி 27

அமெரிக்க ஓவியர் ராஷன்பெர்க் பாடம் செய்த ஆட்டுக்கிடாவையே படத்தில் வைத்தார், நீங்கள் பித்தானுக்குப் பயப்படுகிறீர்கள்.

கத்தரி | ஜனவரி 27

அவரும் அதை எடுத்த எடுப்பில் சரியாக வைக்கவில்லை. 1955இலிருந்து 1959 வரை அந்த வேலை இழுத்தது. ஆடு முதலில் சுவர்ப்படத்தோடு ஒட்டி நின்றது, பிறகு நிமிர்ந்த பலகைக்கு முன்னால் வந்தது, மூன்றாவதாகத்தான் தரையில் கிடத்திய படத்தின் நடுவில் ஏறியது. தள்ளிப்போடுங்கள் என்று ஜனவரி 9இல் எழுதியது ஆட்டுக்கும் சேர்த்துத்தான்.

வெள்ளைத்தாள் | பிப்ரவரி 2

கடைசிப் பூச்சு பற்றி யாரும் சொல்லவில்லையே. வார்னிஷ் போட்டதும் எண்ணெய் பாஸ்டல் வழுக்கிக்கொண்டு போகிறது.

பசைச்சட்டி | பிப்ரவரி 3

எண்ணெய் பாஸ்டல் ஒருபோதும் முழுக்கக் காயாது. அதன்மேல் அக்ரிலிக் எதுவும் பிடிக்காது. அதை எல்லாவற்றுக்கும் மேல் கடைசி அடுக்காக வைத்து, வார்னிஷ் இல்லாமல் கண்ணாடிச் சட்டத்துக்குள் போடுங்கள். எண்ணெய் வண்ணத்துக்கும் இதே விதிதான்: அக்ரிலிக் மேல் எண்ணெய் போகலாம், எண்ணெய் மேல் அக்ரிலிக் போகாது.

பாஸ்டல் இல்லாத வேலைக்கு முதலில் தடுப்புப் பூச்சு: மென்மையான கிளாஸ் ஜெல் இரண்டு பங்கு, நீர் ஒரு பங்கு. நுரை எழும்பாமல் மெதுவாகக் கலக்கி, அகலத் தூரிகையால் ஒரே வீச்சில் பூசுங்கள். நன்றாகக் காய்ந்தபின் அதற்குமேல் கழற்றக்கூடிய வார்னிஷ். பின்னாளில் அழுக்கேறி வார்னிஷைக் கரைத்து எடுத்தாலும் கரைப்பான் தாளைத் தொடாது.

கண்ணாடி போட்டால் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே 5 மில்லிமீட்டராவது இடைவெளிக் கட்டை கொடுங்கள். அக்ரிலிக் வெப்பத்திலும் ஈரத்திலும் இளகும், தொட்டதோடு ஒட்டிக்கொள்ளும். குமிழ் உறையை நேராகச் சுற்றி அனுப்பினால் குமிழ் அச்சு வட்ட வட்டமாகப் படத்தில் பதிந்துவிடும். நடுவே சிலிகான் தாளைப் போட்டுச் சுற்றுங்கள்.

ஓரக்கிழிசல் | பிப்ரவரி 4

வார்னிஷில் புற ஊதாத் தடுப்பு என்று எழுதியிருப்பதை முழுக்க நம்பிவிடாதீர்கள். இதழ் மை வெளுப்பதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. எந்த நிறம் வெளுக்கும் என்று முன்கூட்டித் தெரிய வேண்டுமென்றால், அதே தாளின் மிச்சத் துண்டில் பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி வெயில் படும் ஜன்னலில் சில வாரம் வையுங்கள். அட்டையை எடுத்ததும் தெரிந்துவிடும். மஞ்சளும் மெஜந்தாவும்தான் பெரும்பாலும் முதலில் கிளம்பும். தாங்காத தாள் என்று தெரிந்தால் அதை நகலெடுத்து ஒட்டுங்கள், அசலை அடர் பெட்டியிலேயே திரும்பப் போடுங்கள்.

வெள்ளைத்தாள் | பிப்ரவரி 4

வெளுத்த பிறகு அது வெளிர் பெட்டிக்குத்தானே போகும்?

கத்தரி | பிப்ரவரி 5

போகும். இப்போதுதான் தரம் பிரிக்க ஆரம்பித்திருக்கிறீர்கள்.